ஐம்பத்தோராவது ஆள்

ஐம்பத்தோராவது ஆள் தன் மனைவியாகவே இருப்பாள் என்று டைம்கீப்பர் எதிர்பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் பதிவு தொடங்கியது. பத்து நாற்பத்திரண்டுக்கு ஐம்பது இடமும் நிரம்பிவிட்டது. நேரத்தை நோட்டில் எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டுப் பேனாவை மூடும்போது, பக்கத்து அறையிலிருந்து மனைவி கையில் போனோடு வந்து நின்றாள்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு என் பேரையும் போட்டுக்குங்க."

"முடிஞ்சு போச்சே."

"என்ன முடிஞ்சு போச்சு?"

"அம்பது பேர் ஆயிடுச்சு. நீ பத்து மணிக்கே போன் பண்ணியிருக்கணும்."

"பத்து மணியிலேருந்து பண்ணிட்டுத்தான் இருக்கேன். பிஸின்னே வருது. நீங்க இந்த ரூம்ல பேசறது அந்த ரூம்ல நல்லா கேக்குது. கேட்டுக்கிட்டே பண்றேன், பிஸி!"

"கதவத் தட்டியிருக்கலாமே?"

"போன வாரம் தட்டினேன். நேர்ல வந்தா சிபாரிசு மாதிரி ஆயிடும், போன்லயே வான்னு நீங்கதானே திருப்பி அனுப்பினீங்க?"

அனுப்பியது உண்மைதான். பஸ் டிப்போவில் இருபத்தாறு வருடமாக டைம்கீப்பர் வேலை. ஒரு நிமிடம் தாமதமாகக் கிளம்பிய பஸ்ஸை அவர் மன்னித்ததாகச் சரித்திரம் கிடையாது. தொற்றுக் காலத்தில் மூடிக் கிடந்த தேவாலயத்தை மூன்று மாதத்துக்கு முன் திறந்தபோது, கட்டுப்பாடுகளைக் கவனிக்க இவரை விட்டால் ஆளில்லை என்று போதகர் கூப்பிட்டுப் பொறுப்பைக் கொடுத்தார். போதகர், பாட்டுக்குழு நால்வர், டைம்கீப்பர் எல்லோரும் சேர்த்து ஐம்பது பேர். ஒரு தலை கூடினாலும் அதிகாரிகள் வந்து பூட்டுப் போட்டுவிடுவார்கள். டைம்கீப்பர் அன்றே அளவு நாடாவோடு போய், பெஞ்சுகளில் ஆறடிக்கு ஒரு எண் ஒட்டினார். இனி நின்றுகொண்டு பயணம் செய்ய யாருக்கும் அனுமதி இல்லை என்று அறிவித்தும் விட்டார்.

அன்றிலிருந்து ஊருக்குப் பக்தி பிடித்துக்கொண்டது. முந்நூறு பேர் உட்காரக்கூடிய ஆலயத்தில், தொற்றுக்கு முன்பு, போதகர் பெரும்பாலும் பெஞ்சுகளுக்குத்தான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். இப்போது இடம் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களுக்குப் போன் போட்டுத் துக்கம் விசாரித்தார்கள்.

"இந்த ஞாயித்துக்கிழமை என்ன நாள்னு தெரியுமா?" என்றாள் மனைவி.

தெரியும். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். ஆராதனையில் தம்பதியை முன்னால் அழைத்து, போதகர் நன்றி ஜெபம் செய்வார். மனைவி அதற்காகப் பட்டுப்புடவை ஒன்றை எடுத்து, ரவிக்கைத் துணியில் மிச்சம் பிடித்து முகக்கவசமும் தைத்து வைத்திருந்தாள். ஏழு வாரமாக அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. ஏழு வாரமும் அவள் ஒரு சண்டைகூடப் போடவில்லை. அதுதான் டைம்கீப்பருக்குக் கவலையாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுக்கு உள்ள இல்லேன்னா, திங்கக்கிழமையிலேருந்து நீங்க வீட்டுக்கு உள்ள இல்ல" என்று சொல்லிவிட்டு, அவள் சமையலறைக்குள் போனாள்.

யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தால் போதும். பட்டியலை மேலிருந்து கீழ் பார்த்த டைம்கீப்பரின் விரல் பதினேழாம் எண்ணில் நின்றது. பேக்கரிக்காரர். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிறவர், பாவம், பிரசங்கம் தொடங்கியதும் கண்ணை மூடுவார். முடியும்போது ஆமென் சொல்ல மட்டும் சரியாக விழித்துக்கொள்வார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க" என்று போனில் ஆரம்பித்தார் டைம்கீப்பர். "நீங்க எப்படியும் தூங்கத்தான் போறீங்க. அத வீட்லயே தூங்கினா என்ன?"

"வீட்ல தூக்கம் வரமாட்டேங்குது தம்பி" என்றார் பேக்கரிக்காரர் வருத்தத்தோடு. "டாக்டரே சொல்லிட்டார், ஞாயித்துக்கிழமையாவது நல்லா தூங்குங்கன்னு. ஆமா, எதுக்குக் கேக்கறீங்க? இடம் ஏதாச்சும் மாறுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று டைம்கீப்பர் போனை வைத்தார். வைத்த வேகமே காட்டிக்கொடுத்துவிட்டது. பேக்கரியில் அன்று ரொட்டி வாங்கியவர்கள் எல்லாரும், ஐம்பதில் ஒன்று காலியாகப் போகிறது என்ற செய்தியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

மதியத்துக்குள் இருபத்து மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெம்பில்லாமல், "காத்திருப்போர் பட்டியல்ல போடறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அப்படி ஒரு பட்டியலே அதுவரை கிடையாது.

அதில் மனைவி பெயரை முதலில் எழுதினார். எழுதிய மை காயவில்லை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியையிடமிருந்து போன் வந்தது. அவருக்கு ஏற்கெனவே மூன்றாம் எண் இருக்கிறது. ஆனாலும் ஊரில் எந்தப் பட்டியல் இருந்தாலும் அதைத் திருத்தாமல் அவரால் இருக்க முடியாது.

"காத்திருப்போர் பட்டியல் இருக்காமே. எத வச்சு வரிசைப்படுத்தினீங்க?"

"போன் வந்த நேரத்த வச்சு டீச்சர்."

"முதல் போன் யாரோடது?"

டைம்கீப்பர் பொய் சொல்லிப் பழகியவர் அல்ல. "போன் இல்ல டீச்சர். நேர்ல."

"நேர்ல வந்தா கடைசியில போடணும். நீங்க வச்ச சட்டம்தான்."

இப்படியாக மனைவி இருபத்து நான்காம் இடத்துக்குப் போனாள். அதை அவளிடம் சொல்ல டைம்கீப்பருக்குத் தைரியம் வரவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. தலைமையாசிரியை அவளுக்கே போன் செய்து, எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை டைம்கீப்பர் போதகரின் வீட்டுக்குப் போனார். போதகர் முகக்கவசத்துக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பாஸ்டர், ஒரே ஒரு ஆள். அதுவும் என் சம்சாரம். நன்றி ஜெபமே எங்களுக்குத்தான்."

"எனக்கும் மனசு வேதனையாத்தான் இருக்கு. ஆனா அம்பதுன்னா அம்பதுதான். இன்னிக்கு உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. அந்த ஒழுங்கு போச்சுன்னா எல்லாமே போச்சு."

"ஒரு மூலையில நின்னுட்டுப் போகட்டும் பாஸ்டர்."

"நின்னு பயணம் கிடையாதுன்னு நீங்கதானே அறிவிச்சீங்க?"

டைம்கீப்பர் வீடு திரும்பினார். வாசல்படியில் கால் வைக்கும்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஆலயத்துக்குள் விடுமுன் நெற்றியில் கருவியைக் காட்டி வெப்பம் பார்ப்பது அவர் பொறுப்பு. தொண்ணூற்றொன்பதைத் தாண்டினால் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஐம்பது பேரில் ஒருவருக்குக் கூடவா உடம்பு சூடாக இருக்காது? அடுத்தவர் உடம்பு சுகமில்லாமல் போகட்டும் என்று வேண்டிக்கொள்வது பாவம் என்று தெரியும். அதனால் வேண்டிக்கொள்ளவில்லை. ஆலய வாசலில் வரிசை நிற்கும் இடத்துக்குக் கட்டியிருந்த நிழல் துணியை மட்டும், அன்று மாலையே போய், துவைக்க வேண்டும் என்று சொல்லி அவிழ்த்துவிட்டார்.

ஞாயிறு காலை எட்டரை மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. வரிசை, தரையில் போட்டிருந்த வட்டங்களுக்குள் நின்று வெந்துகொண்டிருந்தது. டைம்கீப்பர் முதல் நெற்றியில் கருவியைக் காட்டினார். நூறு. அடுத்தவர் நூற்றொன்று. ஒரு ஆள் போதும் என்று நினைத்தவர் கையில் பத்து நிமிடத்தில் பதினொரு நோயாளிகள் சேர்ந்துவிட்டார்கள்.

"காலியா? பதினொண்ணு காலியா?" என்று காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. காத்திருப்போர் பட்டியல் முழுவதும் அங்கே உடுத்திக்கொண்டு வந்து நின்றது. ஆனால் அவர்களும் அதே வெயிலில்தான் நின்றிருந்தார்கள். இருபத்து மூன்று நெற்றிகளும் தொண்ணூற்றொன்பதைத் தாண்டின.

கடைசியாகப் பட்டுப்புடவையில் மனைவி வந்தாள். புடவை நிறத்திலேயே கவசம். டைம்கீப்பர் கருவியைக் காட்டினார். நூற்றிரண்டு.

"வெயில்தான் காரணம்" என்றார் மெதுவாக.

"வெயில் இல்ல" என்றாள் மனைவி.

பேக்கரிக்காரருக்கும் நூறுதான் காட்டியது. ஆனால் வாரத்தில் கிடைக்கும் ஒரே தூக்கத்தை அவர் அவ்வளவு சுலபமாக விட்டுவிடவில்லை. எதிரே இருந்த தன் கடையைத் திறந்து ஒரு வாளி ஐஸ் கட்டியோடு வந்தார். நல்ல மனிதர், தனக்கு மட்டும் என்று நினைக்கவில்லை. பதினொரு பேரும் வரிசையாக நெற்றியில் ஐஸை வைத்துத் தேய்த்துக்கொண்டார்கள். டைம்கீப்பர் மறுபடி பார்த்தபோது ஒருவருக்குத் தொண்ணூற்று மூன்று காட்டியது, இன்னொருவர் உயிரோடு இருப்பதாகவே கருவி ஒப்புக்கொள்ளவில்லை. தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போகக்கூடாது என்பதுதான் சட்டம். கீழே எவ்வளவு போகலாம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பதினொரு பேரும் ஈர நெற்றியோடு உள்ளே போனார்கள். ஐம்பதும் நிரம்பியது. காத்திருப்போர் முணுமுணுத்தபடி கலைந்தார்கள். மணி அடித்தது. வாசலில் மனைவி தனியாக நின்றாள்.

அவள் கோபமாக நின்றிருந்தால் டைம்கீப்பர் தாங்கியிருப்பார். கண் கலங்கி நின்றாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருடத்தில் எத்தனை பஸ்ஸை நேரத்துக்கு அனுப்பினோம், இவளை ஒரு இடத்துக்கும் நேரத்துக்குக் கூட்டிப்போனதில்லையே என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சட்டைப்பையில் குத்தியிருந்த தன் இரண்டாம் எண் அட்டையைக் கழற்றி அவள் கையில் வைத்தார். "நீ உள்ள போ."

"அப்ப நீங்க?"

"நான் வெளிய நிக்கறேன். கணக்கு சரியா இருக்கும்."

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தானேங்க ஜெபம்?"

"ஜன்னல் இருக்குல்ல, போ."

அவள் போனாள். டைம்கீப்பர் கிருமிநாசினி பாட்டில்கள் வந்த மரப்பெட்டியை ஜன்னலுக்கு அடியில் இழுத்துப் போட்டு ஏறி நின்றார். உள்ளே வரிசையாக ஆறடிக்கு ஒருவர். நாற்பத்தொன்பது தலைகளையும் போதகரையும் எண்ணிச் சரிபார்த்துத் திருப்திப்பட்டார். பேக்கரிக்காரர் ஏற்கெனவே தூங்கிவிட்டார்.

போதகர் தம்பதியை அழைத்தார். மனைவி மட்டும் எழுந்து வந்தாள்.

"கணவர் எங்கம்மா?"

"ஜன்னல்ல நிக்கறார் பாஸ்டர். எனக்கு இடம் குடுத்துட்டு வெளிய போயிட்டார்" என்றாள். அவள் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு, டைம்கீப்பருக்குப் பெட்டிமேல் கால் நிற்கவில்லை.

பேக்கரிக்காரரைத் தவிர எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டி டைம்கீப்பர் எட்டிக் குனிந்தார். கம்பியில்லாத மேல் பகுதி வழியாகத் தலை உள்ளே வந்தது.

"ஒரு நிமிஷம்" என்று மூன்றாம் எண் எழுந்து நின்றது. "டைம்கீப்பர் சாரோட தலை உள்ள இருக்கு. எண்ணினா அம்பத்தொண்ணு வருது."

டைம்கீப்பர் பதறித் தலையை வெளியே இழுத்துக்கொண்டார். மனைவி நேராக ஜன்னலை நோக்கி நடந்து வந்து கையை நீட்டினாள். டைம்கீப்பர் கம்பிக்கு நடுவே தன் கையை விட்டு அதைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவுடன் அவருக்கும் கண் நிறைந்துவிட்டது. கவசம் இருந்ததால் பாதிதான் வெளியே தெரிந்தது.

"கை கணக்குல வருமா பாஸ்டர்?" என்றார் தலைமையாசிரியை.

போதகர் மேலே பார்த்து, கீழே பார்த்து, தீவிரமாக யோசித்தார்.

"முழங்கை வரைக்கும்னா பரவாயில்ல" என்று தீர்ப்புச் சொல்லி, ஜெபத்தைத் தொடங்கினார்.

டைம்கீப்பர் முழங்கை தாண்டாமல் பார்த்துக்கொண்டு கண்ணை மூடினார். இவ்வளவு நிம்மதியாக அவர் ஜெபித்து நாளாகியிருந்தது. ஆமென் சொல்லிக் கையை விடுவித்துப் பெட்டியிலிருந்து இறங்கியபோது, பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

காக்கிப் பையும் கையில் பசை டப்பாவுமாக, சுகாதார ஆய்வாளர் நின்றுகொண்டிருந்தார்.

டைம்கீப்பர் ஓடிப்போய் அவர் வழியை மறித்தார். "சார், பூட்டிடாதீங்க சார்! உள்ள சரியா அம்பதுதான், நீங்களே எண்ணிப் பாருங்க. என் தலை உள்ள போனது ஒரு நிமிஷம்தான். கை முழங்கை வரைக்கும்தான். வேணும்னா தண்டனைய எனக்குக் குடுங்க, சர்ச்ச விட்டுடுங்க!"

ஆய்வாளர் அவரை விநோதமாகப் பார்த்தார்.

"நான் தடுப்பூசி முகாம் நோட்டீஸ் ஒட்ட வந்தேன் சார்" என்றார். "அதென்ன அம்பது? அந்தக் கட்டுப்பாட்ட எடுத்து ரெண்டு மாசமாச்சே! கவசம் போட்டுத் தள்ளித் தள்ளி உக்காந்தா நூத்தம்பது பேர் வரைக்கும் வரலாம்னு, நானே வந்து உங்க பாஸ்டர் கையில லெட்டர் குடுத்தேன். அவர்தான் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, 'தயவுசெஞ்சு வெளிய சொல்லிடாதீங்க சார், இடம் இல்லேன்னு சொன்னப்புறம்தான் ஜனங்க வரவே ஆரம்பிச்சிருக்காங்க'ன்னார்."