யானை ஏறினாலும் தாங்கும் வண்டி

பொருளைப் பார்த்து வாங்குவதில் இந்த வட்டாரத்திலேயே என்னை அடிக்க ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். (படிப்புதான் என்னை நிறுத்தியது என்பாள் என் மனைவி.) ஆனாலும் நாரணாபுரம் பக்கம் சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறேன் என்றால், எதையும் தட்டிப் பார்த்தே தரம் சொல்லும் இந்தக் கையால்தான். அதே கை என் மானத்தை வாங்கியதும் உண்டு.

வெடி காயவைக்கக் கம்பெனிக்குள் ஒரு சிமெண்டு மேடை போட வேண்டியிருந்தது. வேலையை எடுத்தவன் என் மனைவியின் தம்பி முருகேசன், கட்டட மேஸ்திரி. அவனுக்கு என்மேல் ஒரு மனத்தாங்கல். எங்கள் கேட்டைத் தாண்டி இரும்பு உள்ளே வரக் கூடாது. கல்லில் உரசிப் பொறி பறந்தால் கதை முடிந்தது. அவன் பெல்ட்டில் இரும்புக் கொக்கி இருந்ததென்று ஒருமுறை வாசலிலேயே கழற்ற வைத்தேன். ஒரு கையால் பேண்டைப் பிடித்தபடியே கம்பெனியைச் சுற்றிவந்தான். வேலைக்கார அம்மாக்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் நான்.

கலவையை வெளியே போட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போக, ஒற்றைச் சக்கர வண்டி ஒன்று வேண்டும் என்றான்.

“ரப்பர் டயராப் பாத்து வாங்குங்க அத்தான்.”

“ஏலே, எனக்கே சொல்லித் தர்றியாக்கும்?”

காரணம் சொல்ல அவன் வாயைத் திறந்தான். நான் கிளம்பிவிட்டேன்.

விருதுநகர்க் கடையில் இருந்த வண்டிகளில் ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்தேன். தகடு நெளிந்ததை ஒதுக்கினேன். கைப்பிடி ஆடியதை ஒதுக்கினேன். ரப்பர் டயரைக் கட்டைவிரலால் அமுக்கினேன், அமுங்கியது. அமுங்குகிற பொருளை நான் வாங்குவதில்லை. மூலையில் கிடந்தது என் வண்டி. தடித்த தகடு, கனத்த குழாய், முழு இரும்புச் சக்கரம்.

“யானை ஏறுனாத் தாங்குமா?” என்றேன்.

“தாங்கும் அண்ணாச்சி. தள்ளத்தான் இன்னொரு யானை வேணும்,” என்றார் கடைக்காரர்.

எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

மேடை போடும் நாளன்று காலையிலேயே வெம்பக்கோட்டைப் பக்கம் மேகம் கறுத்திருந்தது. மழைக்குள் மேடை முடியாவிட்டால் சீசன் ஆர்டர் காய இடமில்லை. வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாரும் பார்க்க நானே தள்ளினேன். பழம் நசுங்கியது. அடுத்து, சக்கரம் கேட்டுக்கு வெளியே கிடந்த வாசற்கல்லில் இடித்தது.

பொறி பறந்தது. சின்னப் பொறிதான். ஆனால் பார்க்காதவர்கள் யாரும் இல்லை.

முருகேசன் மெதுவாக வந்தான். “சக்கரம் என்னதுல செஞ்சது அத்தான்?”

“இரும்பு.”

“சத்தமாச் சொல்லுங்க. உள்ள இருக்கவுகளுக்குக் கேக்கலையாம்.”

ரப்பர் டயர் வண்டி என்றால் இரும்பு கல்லில் படாது, உள்ளே விட்டிருக்கலாம். வேறு வண்டி வாங்கிவர நேரமில்லை. போட்ட கலவை இறுகிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் சட்டியில் தலைச்சுமையாகக் கொண்டுபோக ஆளும் போதவில்லை. (வண்டி வருகிறது, ஆள் எதற்கு என்று பாதிப் பேரை வரவேண்டாம் என்றவனும் நானே.) நானே ஒரு சட்டியைத் தூக்கினேன். முருகேசன் வாசலில் மறித்தான்.

“பெல்ட்டைக் கழத்துங்க.”

வேட்டிமேல் கட்டும் அகலப் பச்சை பெல்ட். கொக்கி இரும்புதான். முதலாளி என்பதால் இதுவரை யாரும் கேட்டதில்லை.

“வேட்டி நிக்காதுலே, மாப்ளே.”

“எனக்கு மட்டும் பேண்டு நின்னுச்சா?”

கேட்டில் வருகைப் பதிவு பார்க்கும் என் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தேன்.

“நீங்க போட்ட சட்டந்தானே? மழை வருது, சீக்கிரம் கழத்துங்க,” என்றாள்.

பெல்ட்டை வண்டியில் போட்டேன். தலையில் சட்டி, ஒரு கை அதற்கு, மறு கை வேட்டிக்கு. மேடைப் பக்கத்தில் கால் இடறியது. சட்டி சாய்ந்தது. எதைப் பிடிப்பது? நான் தொழில் தெரிந்தவன். இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்தேன்.

கலவை ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வேட்டி அங்கேயே நின்றுவிட்டது. நான் மட்டும் மேடைக்குப் போய்ச் சேர்ந்தேன். (உள்ளே கோடு போட்ட டவுசர் இருந்தது. அதையும் நான்தான் பார்த்து வாங்கினேன், நல்ல உழைப்பு.) ஒவ்வொரு அறை வாசலிலும் தலைகள் எட்டிப் பார்த்தன. முருகேசன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆனாலும் மழைக்கு முன்னால் மேடை முடிந்தது. அதை யாரும் பேசுவதில்லை.

வண்டி இன்னும் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறது. உள்ளே போகிறவர்கள் சாவி, கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இன்றுவரை தகடு நெளியவில்லை, கைப்பிடி ஆடவில்லை. நான் தேர்ந்தெடுத்தது அல்லவா?

தினமும் காலையில் என் பெல்ட்டைக் கழற்றி அதில் வைக்கும்போது, உள்ளேயிருந்து ஏதாவது ஒரு குரல் அக்கறையாக விசாரிக்கும்.

“பாத்து வைங்க மொதலாளி. வண்டி தாங்குமா?”