உத்தியோகஸ்தர் வியாதி

கொல்லம் 1112-ஆம் வருஷம் மேட மாதம், அதாவது சித்திரையில், வாலாம்பாளுக்குப் பயம் வந்தது. எதைக் கண்டு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தபால்காரன் கதவைத் தட்டினால் நெஞ்சு படபடக்கும். தட்டாமல் போனால் இன்னும் படபடக்கும். மார்கழிக் குளிரில் உட்கார்ந்தவள்போல் உடம்பு சில்லிடும். அடுத்த நிமிஷமே வியர்வை ஆறாய் ஓடும். நாற்பத்தெட்டு வயது வரை கோட்டைக்குள் அக்ரகாரத்தில் யாருக்கும் பயப்படாதவள். கணவர் ஸ்ரீகண்டய்யரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

லேடி டாக்டர் சத்தியதாஸ் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மாசவிலக்கு நிக்கிற வயசும்மா. உடம்பு கொஞ்ச நாள் கலகம் பண்ணும். தினம் சைக்கிள் விடுங்க, மனசு அடங்கும்."

"சைக்கிளா? நானா?"

டாக்டர் தன் சைக்கிளையே கொடுத்தாள். ஆஸ்பத்திரி மைதானத்தில் வாலாம்பாள் பத்து நாள் விழுந்தாள். பதினோராம் நாள் விழவில்லை. மடிசார் கட்டு சைக்கிளுக்கென்றே ஏற்பட்டதுபோல் இருந்தது. நாலு சுற்று சுற்றி இறங்கியபோது, பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தேடவும் தோன்றவில்லை.

ரோட்டில் விட லைசென்ஸ் வேண்டும். அதைக் கொடுப்பது ஸ்ரீகண்டய்யர் குமாஸ்தாவாக இருந்த ஆபீஸ். சூப்பிரண்டு அழகியநம்பி பிள்ளை, வாலாம்பாள் நீட்டிய மனுவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஸ்திரீகளுக்குக் கொடுத்து வழக்கமில்லை."

"டாக்டரம்மா விடறாளே?"

"அவங்க வியாதிக்காரங்களைப் பாக்கப் போறாங்க. நீங்க எதுக்காக்கும் போறிய?"

"நான்தான் வியாதிக்காரி."

"அப்போ சர்டிபிகேட் வேணும்."

சர்டிபிகேட்டில் வியாதியின் பெயரைக் கண்டதும் ஸ்ரீகண்டய்யர் பதறிவிட்டார். இதை எப்படி மேலதிகாரி மேஜையில் வைப்பது? டாக்டரிடம் கெஞ்சி, பெயரை எடுத்துவிட்டு அறிகுறிகளை மட்டும் எழுதி வாங்கினார்.

பிள்ளை வாசித்தார். "காரணமில்லாத பயம். திடீர் வியர்வை. தூக்கமின்மை. அற்ப விஷயத்துக்கும் எரிச்சல். வயது நாற்பத்தைந்துக்கு மேல்." மறுபடி வாசித்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஓய், இது அத்தனையும் எனக்கு இருக்கே! மேலிடத்து மணி அடிச்சாப் போதும், நெஞ்சு துடிச்சிடும்!"

அந்த வாரமே பிள்ளையின் கையெழுத்தோடு சர்க்குலர் வந்தது. "மேற்படி அசௌகரியத்தால் பீடிக்கப்பட்ட உத்தியோகஸ்தர்கள், தேகாரோக்கியத்தை உத்தேசித்து, காலையில் சைக்கிள் விட்டு ஒரு மணி நேரம் தாமதமாக ஆஜராகலாம்." நாற்பத்துமூன்று பேருக்கு உடனே வியாதி கண்டது. வயது போதாதவர்கள் ஜாதகத்தைத் திருத்திக்கொண்டு வந்தார்கள். ஸ்ரீகண்டய்யரும் எழுதிக் கொடுத்தார்.

"உங்களுக்குமா?" என்றாள் வாலாம்பாள்.

"எல்லாரும் போட்டிருக்கா. நான் மட்டும் போடலைன்னா என்ன நெனைச்சுப்பா?"

அவளுடைய மனுவுக்குப் பதில் மூன்று மாதம் கழித்து, கர்க்கடகத்தில் வந்தது. "மேற்படி வியாதி உத்தியோகஸ்தர்களான புருஷர்களுக்கு மாத்திரமே வருவதாக ஆபீஸ் ரிக்கார்டுகளிலிருந்து தெரிகிறது. ஆகவே, இல்லாத வியாதியைச் சொன்ன மனுதாரர் எச்சரிக்கப்படுகிறார்."

வாலாம்பாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்தத் தடவை காரணம் தெரிந்தே எரிந்தது. நேரே ஆபீஸுக்குப் போனாள்.

"பிள்ளைவாள், உங்களுக்கு வந்திருக்கிறது என்ன வியாதி தெரியுமோ?" என்று கேட்டு, பதிலையும் அவளே உரக்கச் சொன்னாள்.

பேனாக்கள் நின்றன. ஒரு குமாஸ்தா வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிள்ளை சர்க்குலரை எடுத்து பைலுக்கு அடியில் செருகினார்.

"சர்க்குலரை ரத்து பண்ணுங்கோ" என்றாள் அவள்.

"பண்ணினா, நாப்பத்துமூணு பேரும் பொய் சொன்னதா எழுதணும். அது முடியாதாக்கும். எங்களுக்கு அந்த வியாதி இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்கு வேற வழி பாக்கலாம்."

வழி பிறந்தது. "வியாதியஸ்தரான கணவரைப் பத்திரமாக ஆபீஸுக்குக் கொண்டு சேர்க்கும் பொருட்டு" வாலாம்பாளுக்கு லைசென்ஸ் வழங்கப்பட்டது. ஸ்ரீகண்டய்யருக்கு சைக்கிள் விடத் தெரியாது. ஆகவே தினமும் அவர் பின்னால் கேரியரில் குடையோடு உட்கார, அவள் பத்மதீர்த்தக் குளத்தின் கரையைச் சுற்றிக்கொண்டு மிதித்தாள். காற்று முகத்தில் அடித்தது. நெஞ்சு குளம்போல் அடங்கிக் கிடந்தது.

ஒருநாள் எதிரே வந்த பக்கத்து வீட்டு பாகீரதி, ஸ்ரீகண்டய்யரைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"பாவம், இந்த வயசிலே இவருக்கு இப்படி ஒரு வியாதி! எப்போடீ குணமாகும்?"

வாலாம்பாள் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"கவலைப்படாதேடீ, பென்ஷன் வந்தா தானா நின்னுடும்."