நான்கு சனிக்கிழமைகள் போனை எடுக்காதது குறித்து மாமாவுக்கு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளையின் பணிவான வணக்கம். இங்கு நான் நலம். தாங்களும் அத்தையும் நலமா? தங்கள் இடது முழங்கால் நலமா? வலது முழங்காலைப் பற்றிப் போன கடிதத்தில் புகார் எதுவும் இல்லாததால் அதை விசாரிக்கவில்லை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தனியாக அந்த வீட்டில் என்ன செய்யப் போகிறீர்கள், வேலையை இந்த ஊருக்கு மாற்றிக்கொண்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். யோசித்தேன். வருகிறேன். முப்பதாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இந்தக் கடிதத்தின் முக்கியமான செய்தி இதுதான், இத்தோடு கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் சனிக்கிழமை காலையில் மட்டும் ஏன் போனை எடுப்பதில்லை, அத்தை என்னென்னவோ நினைத்துப் பயப்படுகிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். போனில் சொன்னால் நீங்கள் "என்னது? என்னது?" என்று கேட்டுப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் தெரிந்துவிடும். அதனால் எழுத்தில் சொல்லிவிடுகிறேன்.

உங்க பொண்ணு நம்மை விட்டுப் போய் எட்டு மாசம் ஆகிறது. அஞ்சு வாரத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு கவர் வந்தது. மேலே பேர் இல்லை. "விண்ணப்ப எண் 41" என்று மட்டும் போட்டு நம் விலாசம். பிரித்தால் எழுத்தாளர் சங்கம். உங்கள் பத்துப் பக்கத்தைப் படித்தோம், உங்களைச் சேர்த்துக்கொள்கிறோம், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள் என்று இருந்தது. நம் வீட்டில் எழுதுகிற ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியும். நான் எழுதுவது லிஃப்ட் சர்வீஸ் ரிப்போர்ட் மட்டும்தான்.

இப்படி ஒரு கூட்டத்தை அவள் நாலு வருஷமாத் தேடினாள். முதலில் போன இடத்தில் யார் என்ன வாசித்தாலும் கை தட்டுவார்களாம். ஒருத்தர் நடுவில் தண்ணீர் குடித்ததற்கும் தட்டினார்களாம். அடுத்த இடத்தில் தலைவர் எழுதியதை மட்டும்தான் எல்லாரும் படிக்கணுமாம். "எனக்குப் பொய் சொல்லாத நாலு பேர் போதும், அறுபது வயசு வரைக்கும் எழுதிடுவேன்" என்பாள். அந்த நாலு பேர் எட்டு மாசம் தாமதமா வந்து சேர்ந்திருக்காங்க. நேரில் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வருவதுதான் மரியாதை என்று கிளம்பினேன். அவ்வளவுதான் மாமா நான் செஞ்ச தப்பு.

சங்கம் மூணாவது மாடியில். கீழே லிஃப்டில் "வேலை செய்யவில்லை" என்று ஒரு அட்டை. நீங்களே சொல்லுங்க, ஒரு டாக்டர், தெருவில் விழுந்து கிடக்கிற ஆளைத் தாண்டிப் போவாரா? பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. கதவு ஓடுகிற பள்ளத்தில் ஒரு காகிதம் கசங்கி மாட்டியிருந்தது. உருவிப் பார்த்தால் காதல் கதை, பக்கம் நாலு. அதைப் பிடித்துக்கொண்டு, கையெல்லாம் கிரீஸோடு மேலே போய் நின்றேன். உள்ளே ஒரு மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். அதில் ஒரு பல் டாக்டர் எழுந்து ஓடி வந்து, "ஐயோ, இதைத்தான் ஆறு வாரமாத் தேடறேன்! இந்தப் பக்கத்துலதான் அவங்க ரெண்டு பேரும் சந்திக்கிறாங்க!" என்று காகிதத்தைக் கண்ணில் ஒத்திக்கொண்டார்.

தலைவி ஒரு அம்மா. சலவைக்கடை வைத்திருக்கிறார், துப்பறியும் நாவலாகப் பதினேழு எழுதியிருக்கிறார். நிமிர்ந்து பார்த்து, "நாற்பத்தொண்ணா?" என்றார்.

"இல்லீங்க, நான் வந்து..."

"உஷ்! பேசக் கூடாது. உட்காருங்க."

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் இருக்கு மாமா. புதுசா வர்றவங்க முதல் மூணு கூட்டம் வாயே திறக்கக் கூடாது. வந்த அன்னிக்கே தன் புத்தகத்தைப் பத்திப் பேச ஆரம்பிக்கிறவங்க நிறையப் பேராம், அதனால. முதல்ல மத்தவங்க எழுதினதைக் கேட்கக் கத்துக்கணும், கருத்து இருந்தா தாளில் எழுதிக் கொடுக்கணும். பேர், ஊர், வயசு எதுவும் கேட்க மாட்டாங்க. விண்ணப்பத்தைக்கூடப் பேர் மறைச்சுத்தான் படிப்பாங்களாம்; தெரிஞ்சவங்க, பெரிய மனுஷங்கன்னு பாரபட்சம் வந்துடும்னு. நான் ரெண்டு தடவை வாயைத் திறந்தேன், ரெண்டு தடவையும் எட்டுப் பேரும் சேர்ந்து "உஷ்!" என்றார்கள். உட்கார்ந்துட்டேன்.

ஒண்ணு சொல்றேன், அத்தைகிட்ட சொல்ல வேண்டாம். இந்த எட்டு மாசத்துல என்னைப் பார்த்து "எப்படிப்பா இருக்கே?"ன்னு கேட்காத ஒரே அறை அதுதான். பதில் சொல்ல வேண்டாம், தலையாட்ட வேண்டாம். ரெண்டு மணி நேரம் யார் யாரோட கதையோ ஓடிக்கிட்டிருந்தது, நான் பாட்டுக்கு இருந்தேன். அடுத்த சனிக்கிழமையும் போனேன். போன் அதனாலதான் அணைஞ்சிருந்தது.

ஆனா தாளில் எழுதிக் கொடுக்கணுமே? எனக்குத் தெரிஞ்சது ஒரே மாதிரிதான். அங்கே ஒரு பஸ் டிரைவர் பேய்க்கதை எழுதுறார். அவருக்கு நான் கொடுத்தது இது: "குறை: பேய் இரண்டாம் பக்கத்தில் கிளம்பி ஏழாம் பக்கம் வரை எந்த மாடியிலும் நிற்கவில்லை. காரணம்: அளவுக்கு மீறிய சுமை, பேயின் உறவினர் பதினொரு பேர் ஏறியுள்ளனர். பரிந்துரை: எட்டுப் பேரை இறக்கவும். அடுத்த பரிசோதனை: ஒரு மாதத்தில்." அவர் அதைப் படிச்சுட்டு நெத்தியில அடிச்சுக்கிட்டார். "ரோட்டுல நான் ஒருத்தரைக் கூடுதலா ஏத்த மாட்டேன் சார், கதையில மட்டும் எப்படி விட்டேன்!" அன்னியிலிருந்து எல்லாரும் என்கிட்ட ரிப்போர்ட் கேட்க ஆரம்பிச்சுட்டாங்க. பல் டாக்டர் தன் காதலி பாத்திரத்துக்கு வருஷாந்தரப் பராமரிப்பு வேணும்னார்.

அவங்க விளையாட்டுக்குக் கூடற ஆளுங்க இல்லை மாமா. ஒருத்தருக்குப் பதிப்பகம் ஒப்பந்தம் அனுப்பினா, எட்டுப் பேரும் வரி வரியாப் படிக்கிறாங்க. "இந்த அஞ்சாவது வரியில உங்க கதை உங்களோடது இல்லாமப் போயிடுது, கையெழுத்துப் போடாதீங்க"ன்னு தடுக்கிறாங்க. பஸ் டிரைவர் வேலையை விட்டுட்டு முழுசா எழுதப் போறேன்னார். தலைவி அம்மா, "விட்டுட்டு எழுதினா ஆறு மாசம் எழுதுவீங்க. வண்டி ஓட்டிக்கிட்டே எழுதினா முப்பது வருஷம் எழுதுவீங்க. எது வேணும்?"னு கேட்டாங்க. அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துட்டு, "காலை ஷிஃப்டை மட்டும் மாத்திக்கிறேங்க"ன்னார். இது எனக்குப் புரிஞ்சது. லிஃப்டும் அப்படித்தான், ஒரே நாள்ல பளபளன்னு மாத்தி வைக்கிறது பெரிசில்லை, மாசா மாசம் யாராவது வந்து பார்க்கணும்.

போன சனிக்கிழமை நாலாவது கூட்டம். என் வாய்ப்பூட்டு கழண்ட நாள். எண் 41 தன் பத்துப் பக்கத்தை வாசிக்கணும். வேணும்னா வயித்து வலின்னு சொல்லியிருக்கலாம், இன்னும் ஒரு மாசம் ஓட்டியிருக்கலாம். சொல்லிட்டா அந்த நாற்காலி போயிடும்னு தெரியும். ஆனா பொய் சொல்லாத நாலு பேரைத்தானே அவ தேடினா. எழுந்து சொன்னேன்: "நான் நாற்பத்தொண்ணு இல்லை. எழுதினது என் வீட்டுக்காரி. அவ இப்ப இல்லை. இதைச் சொல்லத்தான் முதல் நாளே வந்தேன்."

அப்புறம் பல் டாக்டர்தான் மெதுவா, "அந்தப் பத்துப் பக்கத்தை எழுதினது ஒரு பொண்ணுன்னுதான் நான் நினைச்சிருந்தேன் சார். நீங்க வந்ததும் கஷ்டப்பட்டு என் மனசை மாத்திக்கிட்டேன்"னார். உடனே ஆளுக்கொரு பக்கம் சண்டை.

"உறுப்பினர் இடத்தை இன்னொருத்தருக்கு மாத்த விதியில இடமில்லை."

"விதியில லிஃப்ட் ரிப்பேருக்கும் இடமில்லை, அதை மட்டும் ஏத்துக்கிட்டீங்களே!"

"என் பேய்க்கு அடுத்த பரிசோதனை இன்னும் பாக்கி இருக்குங்க!"

தலைவி அம்மா மேஜையைத் தட்டிட்டு, பெட்டியிலிருந்து ஒட்டின உறை ஒண்ணை எடுத்துப் பிரிச்சாங்க. உங்க பொண்ணோட விண்ணப்பம். அதுல ஒரு கேள்வி: "உங்கள் எழுத்துக்கு வீட்டில் யார் துணை?" அவ எழுதியிருந்ததை அம்மா சத்தமா வாசிச்சாங்க. "என் வீட்டுக்காரர். கதை எதுவும் படிக்க மாட்டார். ஆனால் நான் எழுதும்போது குக்கர் விசில் அடித்தால், என்னைக் கூப்பிடாமல் அவரே எழுந்து போய் அணைப்பார். நான்கு வருஷத்தில் ஒரு வாக்கியம்கூட எனக்கு நடுவில் அறுந்ததில்லை."

எனக்கு அது கணக்கிலேயே இல்லை மாமா. விசில் அடிச்சா அணைக்கணும், அவ்வளவுதான் தெரியும்.

"உட்காருங்க"ன்னாங்க அம்மா. நான் உட்காரலை. எனக்கு உரிமை இல்லைன்னு ஒரு தாள் எழுதி நீட்டினேன்: "வேலை முடிந்தது. இனி வருகை தேவையில்லை." அவங்க அதை வாங்கலை. "ராஜினாமா பண்றவங்களும் மூணு கூட்டம் பேசாம உட்காரணும்"னு அந்த இடத்துலயே புது விதி போட்டாங்க, எட்டுக் கை தூக்கி நிறைவேத்திட்டாங்க. அப்புறம் உங்க பொண்ணோட பத்துப் பக்கத்தை என் கையில கொடுத்து, "எல்லாருக்கும் ரிப்போர்ட் கொடுத்தீங்க. இதுக்கும் ஒண்ணு கொடுத்துட்டுப் போங்க"ன்னாங்க.

நான் இதுவரைக்கும் அவ எழுதினதைப் படிச்சதில்லை. "முடிச்சப்புறம்தான் உங்களுக்கு"ன்னு சொல்லியிருந்தா. அதனால பிரிக்காம மேஜைமேல வெச்சிருக்கேன். அப்படியே தபாலில் திருப்பி அனுப்பிட்டுக் கிளம்பறதா முடிவு. அது எனக்கு ஆகிற காரியம் இல்லை. என் துணியை வைக்க ஒரு அலமாரித் தட்டு போதும். அத்தையிடம் என் அறைக்குப் புதுத் திரை எதுவும் தைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அத்தைக்கும் தங்களுக்கும் என் வணக்கங்கள். தங்கள் இரண்டு முழங்கால்களும் ஒற்றுமையாக இருந்து தங்களை நெடுநாள் நடத்திச் செல்லட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பத்துப் பக்கத்தைப் படிச்சுட்டேன். அதுல ஒரு அப்பா வர்றார். மகளோட மூக்குக் கண்ணாடியை மாத்திப் போட்டுக்கிட்டு, நாலு நாளா பேப்பர்ல அச்சு கெட்டுப்போச்சுன்னு கத்துறார், பத்திரிகை ஆசிரியருக்குக் காரசாரமாக் கடிதமும் எழுதுறார். மகள் அந்தக் கடிதத்தைப் பிழை திருத்திக் கொடுக்கிறாள், கண்ணாடி இல்லாம, தாளை மூக்குல இடிச்சுக்கிட்டு. கண்ணாடி எங்கேன்னு கடைசி வரைக்கும் அவர்கிட்ட சொல்லலை. மாமா, அது நீங்கதானே? சிரிச்சுட்டேன். சத்தமா. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, ஏதாவது ஆயிடுச்சான்னு கேட்டார். அதனால மேலே எழுதின எதையும் கணக்குல எடுத்துக்காதீங்க. டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேன். பீரோவுல இன்னும் நாலு நோட்டு இருக்கு, தனியாப் படிக்க எனக்குத் தைரியம் வரலை. நீங்களும் அத்தையும் கிளம்பி வாங்க. வரும்போது மறக்காம மூக்குக் கண்ணாடி எடுத்துட்டு வாங்க. உங்களோடதை.