மேனேஜரின் சவாசனம்

தொழிற்சாலையை மூட வந்த அதிகாரியை ஒரு பிணம் எழுந்து உட்கார்ந்து கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பியது என்றால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். அந்தக் குடைத் தொழிற்சாலையில் அதை நேரில் பார்த்தவர்களுக்கே நம்பிக்கை வரச் சாயங்காலம் ஆயிற்று. மேனேஜரின் டிரைவருக்குச் சாயங்காலமும் போதாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மழை பெய்கிறது என்றால்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "மேல யாராவது துணி காயப் போட்டிருப்பாங்க" என்று சொல்லும் ஆள் அவர்.

மாட்டிக்கொண்டவர் ஆபீஸ் குமாஸ்தா. எந்த விழாவானாலும் அறிவிப்பு அவர்தான் என்பதால் எல்லோருக்கும் அவர் 'மைக்'. மைக் இல்லாமலே அவர் குரல் மூன்று தெரு தாண்டும். மைக்கைக் கையில் கொடுத்தால் பக்கத்து ஊரில் தூங்கும் குழந்தை எழுந்து அழும். அவர் காதில் ஒரு ரகசியத்தைப் போட்டால் மதிய மணி அடிப்பதற்குள் அது வாட்ச்மேன் வரை போய்விடும்.

அன்று காலை மைக் சமஸ்கிருத அகராதியைத் திறந்தார். திறந்தவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்.

விஷயம் இதுதான். தலைமை அலுவலகத்திலிருந்து, ஆலையில் 'பெரியம்மா' என்று எல்லோரும் சொல்லும் அதிகாரி வருகிறார். ஆலையை மூடுவதா வேண்டாமா என்று பார்த்து எழுதப் போகிறார். அவர் வரும் நாளில் உடல்நல விழா நடத்த வேண்டும். பிரிவுக்கு ஓர் ஆசனம். ஆசனத்தின் பெயரோடு அதன் பொருளையும் தமிழில் அறிவிக்க வேண்டும். பொருள் தெரியாமல் உடம்பை வளைப்பது வீண் என்பது பெரியம்மாவின் கொள்கை.

மேனேஜர் தமக்கென்று தாமே தேர்ந்தெடுத்த ஆசனம், சவாசனம்.

வாயில் ஆயிரம் முறை வந்த சொல் மைக்கின் காதில் விழுந்தது அன்றுதான். "சவம்... ஐயோ, பிணம்! மேனேஜர் பிணம்னு நான் மைக்ல சொல்லணுமா?"

மேனேஜருக்கு ஆலையில் 'பார்க்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். அவர் கடைசியாக ஒரு முடிவு எடுத்தது கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னபோது. அதையும் மாமனார்தான் சொன்னார் என்று பேச்சு. பெரியம்மா முன்னால் அவரைப் பிணம் என்று அறிவித்தால் ஆலைக்கு அங்கேயே எள்ளும் தண்ணீரும்தான்.

மைக் ஒரு தாளில் 'சவாசனம் — பூரண நிம்மதி' என்று எழுதிக்கொண்டு போனார்.

மேனேஜர் தாளைப் பார்த்தார். "இதுவா அர்த்தம்?"

"ஆமாங்க ஐயா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"கண்ணாடி போட்டுப் பாத்தேங்க."

"அர்த்தம் உள்ளபடி இருக்கணும். ஒரு எழுத்து மாறக் கூடாது." பெருமூச்சு விட்டார். "சரி, பார்க்கலாம்."

ஐயா இன்னும் பெரிதாக எதிர்பார்க்கிறார் என்று மைக்குக்குப் புரிந்தது. 'தெய்வீகப் பேரமைதி' என்று மாற்றி எழுதினார். மேனேஜர் முகம் இன்னும் சுருங்கியது.

அதற்குள் தையல் பிரிவு பெரியக்கா கத்தரிக்கோலோடு வந்துவிட்டார்.

"எங்களுக்கு என்னவோ ஸ்வானாசனமாமே. ஸ்வானம்னா என்னப்பா?"

"அது... நன்றியுள்ள ஒரு பிராணிங்க்கா."

"நாயின்னு சொல்லு! இருபது பொம்பளைங்க குனிஞ்சு நிக்க, நீ மைக்ல 'தலை கவிழ்ந்த நாய்'னு கத்துவியா? கத்திப் பாரு!"

கத்தரிக்கோல் இரண்டு முறை காற்றை வெட்டியது. மைக் உடனே தையலுக்கு மயூராசனத்தைக் கொடுத்து, மயிலுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த கம்பிப் பிரிவுக்கு நாயைத் தள்ளினார்.

கம்பிப் பிரிவு மேஸ்திரி படியேறி வந்தார். "ஏன்யா, துணி தைக்கறவங்க மயிலு, கம்பி வளைக்கறவன் நாயா?"

"கோவிச்சுக்காதீங்க மாமா. ஒட்டகம் இருக்கு, ஆமை இருக்கு, கொக்கு இருக்கு. எது வேணும்?"

"சந்தையா நடத்தறே? மனுஷனா ஒண்ணுமே இல்லியா?"

யாருக்கும் பொல்லாப்பு வேண்டாம் என்று எல்லோரையும் விருட்சாசனம் ஆக்கினார். மரம்! மரத்தில் யார் குற்றம் சொல்ல முடியும்? பெரியக்கா சொன்னார்: "இங்க எல்லாரும் மரம் மாதிரி நிக்கறாங்கன்னு எழுதத்தான் அந்தம்மா வருது. நீ நிறுத்தியே காட்டு."

மேஸ்திரி கண்ணை இடுக்கினார். "நாங்க நாயி, மரம். மேனேஜர் என்னவாம்?"

மைக் உதட்டைக் கடித்தார். ஆனால் அவர் மைக் அல்லவா? "யார்கிட்டயும் சொல்லாதீங்க. பிணம்."

அந்தக் கிசுகிசுப்பு ஆலை முழுக்கக் கேட்டது. பிறகு தையல் மெஷின்கள் குலுங்கும்படி ஒரு சிரிப்பு.

"மேனேஜர் பிணம்னா, நாங்க நாயா இருக்கோம்பா!" என்றார் மேஸ்திரி. பெரியக்காவுக்கும் இப்போது நாய்தான் வேண்டும். "ஆனா ஒண்ணு, அந்த வார்த்தைய நீ சொல்லியே ஆகணும். அதைக் கேக்கத்தான் முன் வரிசையில உக்காரப் போறோம்."

மைக் 'பூரண நிம்மதி' தாளைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

விழா நாள். கிடங்கில் மேடை. முன்னால் பெரியம்மா, மடியில் கோப்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. நாய்கள் வந்தன, போயின. ஒட்டகத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் மேனேஜர் பாயில் மல்லாந்து படுத்து, கை கால்களை விரித்துக் கண்ணை மூடினார்.

"அடுத்து, நமது மேனேஜர் ஐயா வழங்கும் சவாசனம்! பொருள்... பூரண நிம்மதி!"

மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்து மைக்கைப் பார்த்தார். மூடினார்.

"அதாவது... தெய்வீகப் பேரமைதி!"

மறுபடி ஒரு கண். மறுபடி மூடல். பெரியம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மைக் குனிந்து, "ஐயா, முடிஞ்சுது, எந்திரிங்க" என்றார்.

பல்லைக் கடித்தபடி பாயிலிருந்து குரல் வந்தது: "அர்த்தம்."

"சொல்லிட்டேனே ஐயா!"

"உள்ள அர்த்தம்."

கையிலிருந்த மைக் அணைக்கப்படவில்லை. அவ்வளவும் ஊருக்கே கேட்டது. பெரியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "சவம்னா நிம்மதியா? எந்த அகராதியில இருக்கு?"

"சொல்லுய்யா!" என்று மேஸ்திரி கத்தினார். "சொல்லேன்டா!" என்றார் பெரியக்கா.

மைக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "பிணம்!" என்று அலறினார். "மேனேஜர் பிணம்!"

வாசலில் அதைக் கேட்ட வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஆலைச் சங்கை ஊதினார். மேடையில் பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"ஆமாம்மா, பிணம்தான்" என்றார் மேனேஜர். அந்தக் குரலை ஆலையில் யாரும் கேட்டதில்லை. அவர் மனைவியே கேட்டிருக்கமாட்டார். "மழைக்கால ஆர்டர் எல்லாத்தையும் வேற ஆலைக்குத் திருப்பி விட்டீங்க. இங்க வேலையே நடக்கலைன்னு எழுதினீங்க. மூச்சைப் பிடிச்சு நிறுத்தினது நீங்க, செத்தது மட்டும் நாங்களா? இதோ இத்தனை பேர் உயிரோட நிக்கறாங்க. யாரைப் புதைக்க வந்தீங்க?"

பெரியம்மா கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசியில், "பார்க்கலாம்..." என்றார்.

"அது என் வார்த்தை. நீங்க முடிவைச் சொல்லுங்க."

பெரியக்கா எழுந்து நின்றார். மேஸ்திரி எழுந்தார். பின்னால் ஆலையே எழுந்தது. பெரியம்மா எல்லோரையும் ஒருமுறை பார்த்தார், கோப்பை மூடினார். "ஆர்டர் திரும்பி வரும்" என்றார் மெதுவாக. "ஆலை நடக்கும்." அப்போது எழுந்த கூச்சலில் கிடங்கிலிருந்த குடைகளெல்லாம் தாமாகவே விரிந்துகொண்டன.

எல்லோரும் மேனேஜரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மைக் மட்டும் மேடை விளிம்பில் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். டிரைவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன, இதையும் நம்பலையா?" என்றார் மைக்.

"நம்பாம என்ன பண்றது? என் கண்ணாலயே பாத்தேனே. நடந்துச்சு, ஒத்துக்கறேன்" என்றார் டிரைவர். "ஐயா ஒரு வாரமா கார் பின் சீட்டுல படுத்து ஒத்திகை பாத்தாரு. நான் 'பிணம்'னு சொன்னதும் எந்திரிச்சுப் பேசணும், அதான் சைகை. மேடையில அதை நீ சொல்லணும். உங்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சுடும்னு மறைச்சுட்டாரு. ஆனா ஒண்ணு கேக்கறேன் மைக்கு, அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உனக்கு ஏன்யா இவ்வளவு நேரம்?"