நட்சத்திரத்துக்கு இருநூறு

சென்னையில் பாடிக்கு மேற்கே நாகரிகம் என்ற ஒன்று 1989-ம் ஆண்டுக்கு முன்பு இருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை என்பதை முதலிலேயே பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். ரயில் இருந்தது, ஏரி இருந்தது, ஆவடியில் பீரங்கி வண்டிகூடச் செய்துகொண்டிருந்தார்கள். இருந்து என்ன பிரயோஜனம்? சார்ட்டுகள் ஒரே மாதிரி இருக்கவில்லையே! அந்த இருட்டை விரட்டி அம்பத்தூர் எஸ்டேட்டில் விளக்கேற்றிய நிறுவனம், எங்கள் பிரபஞ்சா போல்ட்ஸ் அண்ட் நட்ஸ். விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற கை என்னுடையது. பெயர் கிறிஸ்துராஜ், பதவி கம்ப்யூட்டர் அசிஸ்டென்ட்.

எங்கள் தொழிற்சாலையில் ஏசி போட்ட அறை இரண்டு. ஒன்றில் ஜெனரல் மேனேஜர் மணவாளன் இருந்தார். மற்றதில் கம்ப்யூட்டர் இருந்தது. மேனேஜர் அறைக்குள் செருப்போடு போகலாம். கம்ப்யூட்டர் அறைக்குள் போகவேண்டுமானால் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியில் சந்தனம் வைத்தார்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவன் என்பதால் பக்கத்தில் ஒரு சிலுவையையும் வைத்தேன். கரன்ட் போகாமல் யார் காப்பாற்றினாலும் சரி.

கம்ப்யூட்டரின் வேலை, தினமும் சார்ட் போடுவது. பிரிண்டர் கிர்ர்ர் என்று கத்திக்கொண்டு நட்சத்திரக் குறிகளை வரிசையாகக் குத்தும். வரிசை நீளமாக இருந்தால் எண்ணிக்கை அதிகம், குட்டையாக இருந்தால் குறைவு. போல்ட் உற்பத்திக்கு ஒரு புரோகிராம், கேன்டீனுக்கு ஒரு புரோகிராம், கம்பெனி பஸ்ஸுக்கு ஒன்று, லேட்டாக வருகிறவர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிவைத்திருந்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள் மனநிலையில் எழுதியது. ஒன்றில் தலைப்பு மேலே, ஒன்றில் கீழே. ஒன்றில் நட்சத்திரத்துக்கு ஐந்நூறு, இன்னொன்றில் நட்சத்திரத்துக்கு இருபது. அடேயப்பா, என்ன காட்டுமிராண்டித்தனம்!

இந்தக் காட்டுமிராண்டித்தனத்தில் சந்தோஷமாக வாழ்ந்தவர்களில் முக்கியமானவர் பேக்கிங் செக்‌ஷன் லோகநாயகி அக்கா. வீடு சேக்காட்டில். அங்கிருந்து கஜபதி ஓட்டும் கம்பெனி பஸ்ஸில் பெண்கள் கூட்டமாக ஏறி, சங்கு ஊதுவதற்குள் கேட்டைத் தாண்டிவிடுவார்கள். சங்குக்குப் பிறகு வந்தால் லேட். மூன்று லேட்டுக்கு ஒரு மெமோ, மூன்று மெமோவுக்கு வீடு. அதனால் அந்த பஸ்தான் அக்காவுக்கு வேலை. புழுக்கமான மதியங்களில் என் அறைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஏசிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

"இன்னா தம்பி, பொட்டி இன்னா சொல்லுது?"

"எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லுதுக்கா."

"அதுக்கென்ன, குளுகுளுன்னு ஒக்காந்துகினு கீது" என்பார்.

எங்கள் யுகப்புரட்சி ஓர் இட்லியால் தொடங்கியது. பம்பாயிலிருந்து சேர்மன் வந்திருந்தார். சார்ட்டுகளைக் கண்ணாடித் தாளில் நகல் எடுத்து, புரொஜெக்டரில் வைத்துச் சுவரில் காட்டினார் மணவாளன். அம்பத்தூர்ப் புழுக்கத்தில் இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. சுவரில் போல்ட் நட்சத்திரங்கள் ஒரு சாண் நீளம் ஓடி நின்றன. அவற்றைத் தாண்டி வேறு சில நட்சத்திரங்கள் ஜன்னல் வரைக்கும் போயின. அவை கேன்டீன் இட்லி.

சேர்மன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "மிஸ்டர் மணவாளன், நாம் எப்போது இட்லி வியாபாரத்தில் இறங்கினோம்?"

"இறங்கலை சார்."

"போல்ட்டைவிட இட்லி மூன்று மடங்கு உற்பத்தியாகிறதே! போல்ட் எதற்கு, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளவா?"

அன்று மாலையே 'சீர்மைக் கமிட்டி' கூடியது. தலைவர் மணவாளன். உறுப்பினர்கள், மீதி எட்டு அதிகாரிகள். பிஸ்கட் வந்தது. பிஸ்கட் தட்டுகள் எல்லாம் ஒரே அளவில் இருந்ததைத் தலைவர் சுட்டிக்காட்டி, அதுவே நமக்குப் பாடம் என்றார்.

"இனிமே எல்லா சார்ட்டும் ஒரே யூனிஃபார்ம் போட்டுகிட்டு வரணும், கிறிஸ்துராஜ். ஒரே ஓரம், ஒரே தலைப்பு, ஒரே அளவு. ஒண்ணுமேல ஒண்ணு வச்சா புள்ளி பிசகக் கூடாது."

"அளவு எதை வச்சு சார் எடுக்கிறது?"

"போல்ட்டை வச்சு எடுங்க. நாம போல்ட் கம்பெனி."

போல்ட் தினமும் பத்தாயிரம். ஓரமும் சட்டமும் போகத் தாளில் கொள்ளும் நட்சத்திரம் ஐம்பது. ஆகவே நட்சத்திரத்துக்கு இருநூறு என்று முடிவானது. எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். "சார், எண்ணிக்கை சின்னதா இருந்தா தெரியாமப் போயிடுமே?"

மணவாளன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது ஏன் சின்னதா இருக்கு? முதல்ல அதைக் கேளுங்க."

கேட்க ஆள் இல்லாததால் எழுத உட்கார்ந்தேன். எல்லா புரோகிராம்களிலிருந்தும் படம் போடும் பகுதியைப் பிடுங்கி எறிந்தேன். அதற்குப் பதிலாக ஒரே ஒரு பொதுப் பகுதி எழுதி 9000-ம் வரியிலிருந்து வைத்தேன். எந்த சார்ட்டாக இருந்தாலும் 9000-க்கு வந்து கும்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அது ஓரம் விடும், தலைப்பு எழுதும், நாலு பக்கமும் சட்டம் போடும், எண்ணிக்கையை இருநூறால் வகுத்து முழு நட்சத்திரமாகக் குத்தும். அரை நட்சத்திரம் கிடையாது. மீதியைக் கழித்துவிடும். எழுதி முடித்தபோது எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை அழகு.

மறுநாள் காலை நாங்கள் வேறோர் உலகத்தில் கண்விழித்தோம். இட்லி ஆறே நட்சத்திரத்தில் அடங்கி ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. அதைவிடப் பெரிய அற்புதம், கழிவு போல்ட் சார்ட்டில் சட்டம் மட்டும் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. நேற்றுவரை தினமும் நூற்றைம்பது கழிவு. இன்று பூஜ்யம்! மெஷின் மாற்றவில்லை, ஆள் மாற்றவில்லை, 9000-ம் வரி ஒன்றுதான் மாறியது. தரக்கட்டுப்பாட்டு அருள்தாஸ் ஒரு கூடை கோணல் போல்ட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"அப்ப இது இன்னா சார், கத்திரிக்காயா?"

"சார்ட்ல இல்லாததை ஆபீஸுக்குள்ள கொண்டுவராதீங்க" என்று மணவாளன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பம்பாயிலிருந்து பாராட்டு டெலக்ஸ் வந்தது. எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். அந்த இனிப்பு வாயில் இருக்கும்போதே மணவாளன் அடுத்த தாளை எடுத்தார்.

"இது என்ன, வெறும் சட்டம்?"

"சேக்காட்டு பஸ் சார். அதுல வர்ற ஆளுங்க எண்ணிக்கை."

"யாருமே வரலையா?"

"நாப்பத்திமூணு பேர் வர்றாங்க சார்."

"எங்கே?"

"வகுத்ததுல போயிட்டாங்க சார்."

"கிறிஸ்துராஜ், நான் சார்ட்டை நம்பறதா, உங்களை நம்பறதா?"

"சார்ட்டைப் போட்டதே நான்தானே சார்."

"அப்ப நீங்க போட்டதை நீங்களே நம்பலைன்னா எப்படி?" என்று கேட்டு, ஆளே இல்லாமல் ஓடும் பஸ்ஸை அந்த வாரத்தோடு நிறுத்தினார். இத்தனை விரைவாக ஒரு முடிவு எடுக்கப்பட்டதை எஸ்டேட்டில் அதுவரை யாரும் கண்டதில்லை.

திங்கட்கிழமை லோகநாயகி அக்கா வந்தார். முதுகை ஏசிக்குக் காட்டவில்லை. முகத்தை எனக்குக் காட்டினார்.

"இன்னா தம்பி, எங்க பஸ்ஸை உன் பொட்டி முழுங்கிடிச்சாமே?"

"முழுங்கலைக்கா. அளந்துச்சு. அதுல யாரும் வரலைன்னு தெரிஞ்சுது."

"யாரும் வரலியா? எங்க பேக்கிங் பேபி ஒருத்தியே ரெண்டாள் எடத்துல ஒக்காருவா. அப்ப இப்ப உன் எதிர்ல நின்னுகினு கீறது யாரு, என் ஆவியா?"

"கோவிச்சுக்காதீங்க. இருநூறு பேர் வந்தா ஒரு நட்சத்திரம் விழும்."

"பஸ்ல கீறதே அம்பது சீட்டு!"

"அது பஸ்ஸோட குறைதானேக்கா. சட்டத்துமேல குறை சொல்லலாமா?"

அக்கா ஏதோ சொன்னார். அச்சிடும்போது ஓரம் பிசகும் என்பதால் இங்கே தரவில்லை. அன்று காலை ஆவடியில் ஒரு பஸ் மாறி, படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கி, புடவைத் தலைப்பை யாருடைய பையிலோ சிக்கக் கொடுத்துவிட்டு அவர் கேட்டுக்கு வந்து சேரும்போது சங்கு ஊதி முடித்திருந்தது. அன்று மட்டுமல்ல, அந்த மாதம் முழுக்க வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் அதே கதை. கேட்டில் உட்கார்ந்திருந்த டைம்கீப்பரிடம் கம்ப்யூட்டர் இல்லை, பேனாதான் இருந்தது. பாவம், பழைய மனிதர். லேட்டாக வந்த ஆளையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி மெமோ கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் லேட் சார்ட் என் அறையில் அல்லவா தயாராகிறது? அதில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. மாதக் கடைசிக் கூட்டத்தில் மணவாளன் அந்தத் தாளை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். "பஸ்ஸை நிறுத்தினோம். ஒரே ஒரு ஆளாவது லேட்டா வந்தாங்களா? பாருங்க! அப்ப இத்தனை வருஷம் அந்த பஸ் எதுக்கு ஓடிச்சு?" கைதட்டலில் பிஸ்கட் தட்டு அதிர்ந்தது.

பெருமை தாங்காமல் அவரே ஒரு புது சார்ட் போடச் சொன்னார். ஆள்பலம். தொழிலாளர் எத்தனை, குமாஸ்தாக்கள் எத்தனை, அதிகாரிகள் எத்தனை என்று பம்பாய்க்குத் தெரியவேண்டுமாம். தொழிலாளர் நானூற்று முப்பது, ஆகவே இரண்டு நட்சத்திரம். அதிகாரிகள் ஒன்பது. அந்த வரியில் பால்வெள்ளையாகக் காகிதம். "நல்லா சுத்தமா இருக்கு" என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

பம்பாயிலிருந்து டெலக்ஸ் வந்தது. 'அதிகாரிகளே இல்லாமல் தொழிற்சாலை நடத்துவதற்கு வாழ்த்துகள். அதிகாரிகளின் கார்கள், சாப்பாட்டு அறை ஆகியவை இன்றோடு ரத்து.'

மணவாளன் டிரங்க் கால் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"சார், மணவாளன் பேசறேன். ஜெனரல் மேனேஜர்."

சேர்மன் குரல் அறை முழுக்கக் கேட்டது. "யார் நீங்கள்? சார்ட்டில் அப்படி ஒருவர் இல்லையே?"

மறுநாள் காலை ஆவடி பஸ் ஸ்டாப்பில் சூட்கேஸைக் கட்டிப்பிடித்தபடி டையோடு நின்றிருந்தவரை லோகநாயகி அக்காதான் முதலில் பார்த்தார்.

"இன்னா சார், நீங்களும் இல்லாம பூட்டீங்களா?"

அவர் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளினார். "பிடிச்சிக்கோங்க சார், இல்லாதவங்க உழுந்தா கணக்குல வராது" என்று அக்காவே கையைப் பிடித்துப் படிக்கட்டில் ஏற்றிவிட்டார். இருவரும் கேட்டுக்கு வந்தபோது சங்கு ஊதி முடிந்திருந்தது. டைம்கீப்பர் எழுந்து நின்று மணவாளனுக்கு சல்யூட் அடித்தார், உட்கார்ந்து அக்காவுக்கு மெமோ எழுதினார்.

அவசரக் கூட்டம். மணவாளன் முகம் சிவந்திருந்தது. டை பின்பக்கம் தொங்கியது. "இது அநியாயம் கிறிஸ்துராஜ்! ரத்தமும் சதையுமா ஒன்பது பேர் இருக்கோம். இல்லைன்னா எப்படிய்யா இல்லாமப் போவோம்?" அவர் குரல் தழுதழுத்தது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் நெஞ்சு கனத்தது.

சீர்மைக் கமிட்டி விடியவிடியக் கூடிப் பேசவில்லை. ஐந்து நிமிஷத்தில் முடிவெடுத்தது. சட்டத்தைத் தொடக்கூடாது. ஓரத்தைத் தொடக்கூடாது. 'விசேஷ உட்பிரிவு' ஒன்று மட்டும் சேர்க்கலாம். 9000-ம் வரிக்குள் நான் ஒரே ஒரு வரி நுழைத்தேன். அதிகாரி என்றால் தலைக்கு ஐந்து நட்சத்திரம். மற்றவர்களுக்கு வழக்கம்போல இருநூறுக்கு ஒன்று. புது சார்ட்டில் அதிகாரிகள் நாற்பத்தைந்து நட்சத்திரத்துடன் தாளின் அந்த ஓரம்வரை ஜொலித்தார்கள். கீழே தொழிலாளர் இரண்டு. சேர்மன் பிரமித்துப்போனார். இத்தனை அதிகாரிகளுக்கு இரண்டு கார் எப்படிப் போதும் என்று மூன்றாவது காரும் அனுப்பிவைத்தார்.

அந்தக் காரின் கதவை மணவாளன் சாத்தப்போன நேரம் பார்த்து நான் ஓடிப்போய்க் கேட்டேன். "சார், அதே மாதிரி பஸ் சார்ட்டுக்கும் ஒரு வரி போட்டுரட்டுமா? சுலபம்தான் சார், ஒரு நிமிஷ வேலை."

"கிறிஸ்துராஜ்" என்றார், தந்தை மகனிடம் சொல்வதுபோல. "ஆளாளுக்கு ஒரு அளவு வச்சா சீர்மை என்னய்யா ஆகிறது?"

கார் போய்விட்டது. எத்தனை பெரிய உண்மை! நான் தூசியில் நின்று வியந்தேன்.

அடுத்த மாதம் மூன்றாவது மெமோ வாங்கியவர்கள் பன்னிரண்டு பேர். எல்லோரும் சேக்காட்டுக்காரர்கள். கணக்கு முடித்துக்கொண்டு போகும் வழியில் லோகநாயகி அக்கா என் அறைக்கு வந்தார். அன்றும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"தம்பி, நான் இங்க பதினோரு வருசம் வேல பாத்துகீறேன். நான் இருந்தப்ப அந்தப் படம் எப்டி இருந்துச்சு, போனப்புறம் எப்டி கீது? ஒருவாட்டி காட்டேன்."

நல்லவேளை, இரண்டு மாத ஆள்பல சார்ட்டுகளும் கண்ணாடித் தாளில் தயாராக இருந்தன. போன மாதம் நானூற்று முப்பது. இந்த மாதம் நானூற்றுப் பதினெட்டு. ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஆகா! ஓரத்தின்மேல் ஓரம், சட்டத்தின்மேல் சட்டம், இரண்டு நட்சத்திரத்தின்மேல் அதே இரண்டு நட்சத்திரம். இரண்டு தாள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். எந்த நாளுக்காக நாங்கள் பாடுபட்டோமோ, அந்த நாள் வந்தேவிட்டது.

"பாத்தீங்களாக்கா? ஒரு புள்ளி பிசகலை!"

அக்கா தாளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"பாத்தேன் தம்பி. ஆளைத் தூக்கிப் போட்டது யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதானே இவ்ளோ ஒயுங்கு?"