தட்டு மாற்றும் முன் ஒரு கிடார் பாட்டு

“…நிறுத்திட்டீங்களே, அடுத்த வரிக்கு என்னங்க அர்த்தம்?” என்று கேட்டாள் கவிதா. எங்கள் நிச்சயதார்த்தத்தில், மைக் என் கையில் இருக்கும்போது, எண்பது பேர் முன்னால்.

எம்.ஏ. இங்கிலீஷ் படித்த பெண்ணிடம் இங்கிலீஷ் காட்டப் போனவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் வாடகைக்கு விடுகிறவன் நான். அவர்களோடு பேசிப் பேசியே இங்கிலீஷ் கற்றவன். (கற்றவன் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தவன்.) மாடி ரூமில் இருந்த ஜோனஸ் தினமும் கிடாரில் ஒரே பாட்டைத்தான் பாடுவான், அவனே எழுதியது. அதில் ‘லவ்’ என்று வரும். எனக்கு அது போதாதா? கீழ்பென்னாத்தூரில் பெண் வீட்டில் நிச்சயம். தட்டு மாற்றுவதற்கு முன்னால் அவனைப் பாட வைத்து, வரிக்கு வரி நானே அர்த்தம் சொல்வதென்று ஏற்பாடு.

தவில்காரர் வேறு சும்மா இருக்காமல் கூடச் சேர்ந்துகொண்டார். கூட்டம் கை தட்டியது.

“வெயில் காலத்துல உன்னப் பாத்தேன்!” என்றேன். ஆஹா.

“மழைக்கு முன்னாடி கெளம்பிடுவேன்!”

எனக்கு ஒரு வியாதி. வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் நடந்து வரும்.

“என் பேர ஞாபகம் வச்சுக்காத, உன் பேர நான் மறந்துடுவேன்!”

தவில் நின்றது. “டேய், வாய மூடுடா” என்றாள் அம்மா. கவிதாவின் தாய்மாமன் தாம்பூலத் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். “மாப்ள, எங்க கெளம்பறீங்க?”

“நான் இல்ல மாமா, பாட்டுல…”

“பாட்ட யாரு ஏற்பாடு பண்ணது?”

இது எதுவும் தெரியாத ஜோனஸ் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிக் கடைசி வரியைப் பாடினான். அது இன்னும் மோசம். மைக்கைக் கீழே இறக்கினேன். அப்போதுதான் கவிதா அந்தக் கேள்வியைக் கேட்டாள். கேட்ட கையோடு மைக்கையும் வாங்கிக்கொண்டாள்.

“இப்போ மனசு மாறிட்டாரு மாமா. ‘உன்ன விட்டு எங்கயும் போகமாட்டேன். நீ அம்மா வீட்டுக்குப் போனா மூஞ்சத் தூக்கி வச்சுக்கமாட்டேன். ஞாயித்துக்கிழமை தோசை நானே சுடறேன்’னு பாடறாரு.”

“நாலு வார்த்தைல இவ்ளோ இருக்குதா?”

“இங்கிலீஷ் அப்படித்தான் மாமா.”

தட்டு மாறியது, கல்யாணமும் ஆனது. அன்று பிடித்த தோசைக்கரண்டியை நான் இன்னும் கீழே வைக்கவில்லை. ஞாயிறானால் மாமா கீழ்பென்னாத்தூரிலிருந்து குடும்பத்தோடு பஸ் ஏறி வந்துவிடுகிறார். கொஞ்சம் முகம் சுளித்தால், “பாட்டுல வந்துச்சா இல்லியா மாப்ள?” என்று சாட்சி சொல்கிறார். மொத்தச் சொந்தமும் சிரிக்கிறது.

போன வாரம் பன்னிரண்டாவது தோசையில் பொறுமை போய், “அந்தப் பாட்டுல தோசையே கெடையாது!” என்று கத்திவிட்டேன்.

கவிதா மாவுப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அதே மெட்டை முனகிக்கொண்டே பேப்பர் படிக்கப் போய்விட்டாள்.