கிரேன் நடேசனின் காது

“இன்னாங்க, என் தம்பி கண்ணப்பன் நம்ம வூட்டோடயே வந்து தங்கட்டுமா?”

நடேசன் வழக்கம்போல் காதில் விழாதவராய் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். உத்தரம் சுற்றியது.

கல்யாணமான நாளிலிருந்து மனைவியின் கேள்விகளுக்கெல்லாம் அவர் தந்துவரும் பதில் இந்த அண்ணாந்த பார்வைதான். ஒரகடம் ரோட்டுத் தொழிற்சாலையில் எல்லோர் தலைக்கும் மேலே உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவர், கீழே நின்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொன்னால் கௌரவம் என்ன ஆவது?

தலைசுற்றலுக்குப் பித்தம்தான் காரணம் என்று எலுமிச்சைச் சாறு குடித்தார். பல் கூசியதுதான் மிச்சம். தலையணையை எடுத்துவிட்டு மட்டமாகப் படுத்தார். வீடே புரண்டது. மறுநாள் கிரேன் ஏணியைப் பாதியில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவரை சூப்பர்வைசர் இறக்கினார்.

“டாக்டர் சரின்னு சொன்னாத்தான் இனிமே ஏணி.”

டாக்டர் ரகுபதி நிதானமானவர். “புரண்டு படுத்தா, அண்ணாந்தா மட்டும் ஒரு நிமிஷம் சுத்திட்டு நின்னா அது சில்லறைச் சமாச்சாரம். காதும் மந்தமாச்சுன்னா அது வேற வியாதி. உங்களுக்குக் காது எப்படி?”

நடேசன் வாயைத் திறப்பதற்குள் கூட வந்திருந்த மனைவி பாஞ்சாலி சொன்னாள்: “எங்க சார் கேக்குது? பத்து தபா கூப்ட்டாலும் திரும்ப மாட்டாரு.”

மறுத்தால் வீட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். நடேசன் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

“அப்ப அந்த வேற வியாதிதான். உப்பைக் குறைங்க. கிரேன் வேண்டாம்.”

வீட்டில் உப்பில்லாத குழம்பு. தொழிற்சாலையில் துடைப்பம். தலைக்கு மேலே அவருடைய கிரேனில், அவரிடமே தொழில் படித்த மாரி.

“மெதுவா பெருக்கு நைனா, தூசி மேல வருது.”

அன்றே நடேசன் டாக்டரிடம் ஓடினார். பாஞ்சாலியும் கூடவே வந்தாள்.

“சார், காது நல்லாத்தான் கேக்குது.”

“அப்ப உங்க வீட்டம்மா சொன்னது?”

“வூட்ல மட்டும் கேக்காத மாதிரி இருப்பேன்.”

“நிஜமா கேக்குமா?”

“அடுப்பங்கரையில முணுமுணுத்தாக்கூட கேக்கும் சார். ஒரு வார்த்தை வுட்டதில்ல.”

டாக்டர் அவரைப் படுக்கவைத்து, தலையைக் கட்டில் விளிம்புக்கு வெளியே ஒருபக்கமாய்ச் சாய்த்தார். கண்கள் ஆடி, சற்று நேரத்தில் அடங்கின.

“காதுக்குள்ள ஒரு பொடித் துணுக்கு இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். தெனமும் ரெண்டு பக்கமும் மாறி மாறிச் சாஞ்சு எந்திரிங்க. சுத்தறது நின்னதும் கிரேன் ஏறலாம். உப்பும் போட்டுக்கலாம்.”

நடேசன் மீசையைத் தடவிக்கொண்டார். கௌரவம் திரும்பி வந்துவிட்டது.

பாஞ்சாலி கிளினிக் வாசல் பெஞ்சைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அங்கே டிரங்குப் பெட்டியோடு அவள் தம்பி உட்கார்ந்திருந்தான்.

“கண்ணப்பா, பொட்டிய வூட்டுக்கு எடுத்துனு போ. அன்னிக்கு உன்னப் பத்தி நான் கேட்டது மாமாவுக்கு நல்லாத்தான் காதுல வுழுந்துதாம். வாணாம்னு ஒரு வார்த்தை சொல்லல.”